ஏழாம் நாள் கட்டம்

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே பி.டி. டீச்சர்தான். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, வெயிலில் கறுத்த முகம். மற்ற டீச்சர்கள் மின்விசிறிக்கு அடியில் நின்று பாடம் நடத்தும் நேரத்தில் அவள் மைதானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று பக்கம் கட்டடம், ஒரு பக்கம் மதில், நடுவில் மண் தரை, மூலையில் துருப்பிடித்த ஒரு கூடைப்பந்துக் கம்பம். கால் முளைத்த குழந்தை மூச்சைப் பிடித்து ஓடினால் பதினைந்து வினாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். அந்தப் பதினைந்து வினாடிக்காகத்தான் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருநூற்று முப்பத்தொரு பிள்ளைகளும் வாரம் முழுக்கக் காத்துக்கிடந்தார்கள்.

அவளுக்கு ஆண்டு இறுதி விடுமுறை என்றாலே ஆகாது. போகும்போது பந்து மாதிரித் துள்ளிப் போகிற பிள்ளைகள், திரும்பி வரும்போது பாதிக் காற்று இறங்கிய பந்தாக வருவார்கள். சோபாவில் கிடந்தது, டிவி பார்த்தது, தின்றது, தூங்கியது எல்லாம் முதல் நாள் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். போன வருஷம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் இரண்டு கணுக்கால் சுளுக்கு, ஒரு மயக்கம். மயங்கி விழுந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதை அவள் புலம்பியது கணக்கு டீச்சரிடம். கணக்கு டீச்சர் இப்போது துணைத் தலைமையாசிரியை. பதவி உயர்ந்து இரண்டு வருஷமாகியும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது. பி.டி. டீச்சருக்கு அவள் 'அக்கா'. கூடப் பிறக்கவில்லையே தவிர, அதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் பி.டி. டீச்சருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனபோது, மூன்று வாரம் வெயிலில் நின்று அவள் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டவள் அந்த அக்காதான். விசில் ஊதத் தெரியாமல் வாயாலேயே 'பீ, பீ' என்று சத்தம் போட்டுச் சமாளித்தாளாம். பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மத்தியானச் சாப்பாடு என்றால் இருவருக்கும் ஒரே மேஜை.

"வருஷா வருஷம் இதே பல்லவி பாடுறியே, இந்தத் தடவை ஏதாவது பண்ணேன்" என்றாள் அக்கா, டப்பாவைத் திறந்துகொண்டே.

"என்னக்கா பண்றது? வீடு வீடாப் போய் விசில் ஊதவா?"

"போன் எதுக்கு இருக்கு? தினம் ஒரு வீடியோ, பத்து நிமிஷம். வீட்டுக்குள்ளயே செய்யற மாதிரி. பத்து நாளைக்குப் பத்து. பத்து கட்டம் போட்டு ஒரு அட்டை குடுத்துடு. செஞ்சா டிக் அடிச்சு, வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வரட்டும். ஸ்கூல் அக்கவுண்ட்லேர்ந்து நான் போட்டு விடறேன்."

பி.டி. டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். அன்று மாலையே அட்டையை வரைந்துவிட்டாள். மேலே ஓடுகிற ஒரு பிள்ளையின் படம், கீழே பத்துக் கட்டம், அதற்கும் கீழே 'என் பிள்ளை செய்ததை நான் பார்த்தேன்' என்று ஒரு வரி, கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ஒண்ணு மட்டும் கவனம்" என்றாள் அக்கா. "தெளிவா எடு. பின்னாடி துணி காயறதெல்லாம் தெரியக் கூடாது. தேதி சொல்லாதே, லீவுன்னும் சொல்லாதே. பொதுவா இருந்தா பின்னாலயும் உதவும்ல?"

அக்காவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டாள் இவள்.

விடுமுறை தொடங்கியதும் அவளுடைய ஹால் தலைகீழானது. மருந்துக் கடை வைத்திருக்கும் கணவருக்கு லீவு கிடையாது. காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போவதற்கு முன் அவர்தான் போனைப் பிடித்துப் படம் எடுப்பார். மாத்திரை எண்ணிப் பழகிய கை, ஆடாது. சோபாவைச் சுவரோரம் தள்ளி, டீப்பாயைப் படுக்கையறைக் கட்டிலின் மேல் ஏற்றி, ஜன்னல் திரையை இரண்டு ஊக்கு போட்டு ஒதுக்கினால் வெளிச்சம் சரியாக விழும்.

ஒரு சிக்கல் இருந்தது. கீழ் வீட்டில் இருப்பவள் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். காலையில் வந்துதான் படுப்பாள். மேலே தொம் தொம் என்று குதித்தால் ஏணி போட்டு ஏறி வந்து சண்டை பிடிப்பாள். யோசித்தபோது, பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதே மாதிரி அடுக்குமாடி வீடுகளில்தானே இருக்கிறார்கள் என்று பட்டது. அதனால் சத்தமே வராத பயிற்சிகளாக யோசித்து யோசித்து எடுத்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்வது. ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவது. கையும் காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை கரடி நடை நடப்பது. சுருட்டிய காலுறைகளை வாளிக்குள் எறிந்துவிட்டு ஒவ்வொன்றாகக் குனிந்து எடுப்பது. மொத்தத்தில் எங்குமே ஒரு குதி கிடையாது. அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

இரண்டாம் நாள் மாமனார் செய்தித்தாளோடு குளியலறைக்குப் போகும் வழியில் படத்துக்குள் நுழைந்துவிட்டார். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "என்னம்மா, கரடியா? ஏன், மனுஷன் நடந்தா உடம்பு குறையாதா?" என்று கேட்டதும் பதிவாகிவிட்டது. நேரம் இல்லாததால் அப்படியே அனுப்பினாள். பெற்றோர் குழுவில் சிரிப்புப் படங்களாக வந்து குவிந்தன. தாத்தா மறுபடி வருவாரா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து மாமனார் ஏழு மணிக்கே முகச்சவரம் செய்துகொண்டு, சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, நாற்காலியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது அவர் பங்கு. முதல் நாள் மூன்று முறைக்கு மேல் முடியவில்லை. ஆறாம் நாள் எட்டு.

ஏழாம் நாள் விடிகாலையிலேயே கரண்ட் போய்விட்டது. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்ததில் நான்கு தெருவுக்கு இருட்டு. போனில் சொட்டு சார்ஜ் இல்லை. மாலை வரை காத்துப் பார்த்துவிட்டு, கணவரின் கடைக்குப் போய் அங்கிருந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு வீடியோ இல்லை. ஏழாம் கட்டத்தை எல்லாரும் காலியா விட்டுடுங்கன்னு குழுவுல போட்டுடுங்க. நாளைக்கு எட்டாம் நாள்னே தொடர்ந்துக்கறேன்."

"சரி சரி, போட்டுடறேன். நீ கவலைப்படாதே."

அக்கா போட்டும்விட்டாள். மறுநாள் சார்ஜ் ஏறியதும் முதல் வேலையாக இவள் அதைத்தான் பார்த்தாள். 'இன்று வீடியோ இல்லை. ஏழாம் கட்டத்தைக் காலியாக விடவும்.' கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஆக, பத்து நாளில் ஒன்பது வீடியோ. ஒன்று குறைந்தது அவளுக்கு முள்ளாக உறுத்தியதென்னவோ உண்மை.

பள்ளி திறந்தது. அட்டைகளை வகுப்பு டீச்சர்கள் வாங்கி எண்ணி, ரப்பர் போட்டுக் கட்டி, மேலே ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தார்கள். விளையாட்டுச் சாமான் அறையில் நின்றபடியே அவள் கூட்டிப் பார்த்தாள். முழுமையானவை இருநூற்றுப் பத்தொன்பது. முழுமையில்லாதவை பன்னிரண்டு. மறுபடியும் கூட்டினாள். அதேதான். பந்துக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை இத்தனை பேர் கேட்டதே இல்லை.

"எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள்.

"இருநூத்திப் பத்தொன்பதுக்கா! இருநூத்தி முப்பத்தொண்ணுல!"

அக்கா இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு, "குடு, ஹெச்.எம்.கிட்ட காட்டணும்" என்று கட்டுகளை எல்லாம் அள்ளி மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கட்டை இவளே கதவு வரை தூக்கி வந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நூலக அறையில் ஆசிரியர் கூட்டம். உள்ளே நுழைந்ததுமே சுவரில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வீடியோவில் ஒரு காட்சியைப் பெரிதாக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் மாமனார் இருக்கிற நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம பிள்ளைங்க வீட்லயே உடற்பயிற்சி செய்வாங்கன்னு இந்த லீவுல நிரூபிச்சுட்டோம். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர். இதுக்குக் காரணம் நம்ம பி.டி. டீச்சர். ஒரு கைதட்டல் குடுங்க."

அறையே கைதட்டியது. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் சேர்ந்து தட்டினாள்.

"ஆக, அடுத்த மாசத்துலேர்ந்து மூணு, நாலு, அஞ்சாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் கிடையாது. இந்த வீடியோக்களைப் பார்த்து வீட்ல செஞ்சு, அட்டையில கையெழுத்து வாங்கிட்டு வந்தாப் போதும். மிச்சமாகற பீரியட் கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் போகுது. மைதானத்துல புதுக் கம்ப்யூட்டர் கட்டடம் வருது, மூணு ரூம். மதிலோரம் கொஞ்சம் இடம் விட்டுடுவோம். மூணு மாசம் முன்னாடியே இந்த யோசனையைத் திட்டமா எழுதிக் குடுத்தது நம்ம துணைத் தலைமையாசிரியை. அவங்களுக்கும் ஒரு கைதட்டல்."

மறுபடி கைகள் தட்டின. பி.டி. டீச்சரின் கைகள் மடியில் விழுந்து கிடந்தன. மூணு மாசம். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்புதானே சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சே எழுந்தது? தேதி சொல்லாதே, லீவுன்னு சொல்லாதே, பின்னாலயும் உதவும்...  எதிர் வரிசையில் அக்கா ஒரு காகிதத்தில் எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து குடிநீர்க் குழாயருகே அக்காவைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"இங்க வேண்டாம். அப்புறம் பேசலாம்."

"தெரியுமா, தெரியாதா?"

அக்கா தண்ணீர் பாட்டிலை மூடினாள். மூடி சரியாக விழாமல் இரண்டு முறை திருகினாள். "கட்டடம் வர்றது ஒரு வருஷமா ஓடற பேச்சு. நான் சொன்னாலும் வரும், சொல்லாட்டியும் வரும். உன்னை என்ன பண்றதுங்கறதுதான் கேள்வி. மொத்தமா அனுப்பிடலாம்னாங்க. நான்தான் இப்படி ஒரு வழி இருக்குன்னு காட்டினேன். பெரிய வகுப்புக்கு வாரத்துல ரெண்டு நாள் உனக்கு நிக்குதில்ல? அதையாவது காப்பாத்திக் குடுத்தேன்னு நினைச்சுக்கோ."

"ரெண்டு நாளா?"

வாரம் ஐந்து நாள் வேலை இரண்டு நாளாகிவிட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைக்கூட அவள் அந்த நிமிஷம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ இவ்வளவு நல்லா எடுத்திருப்பியா?"

அக்கா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் அடுத்த வரி இதுதானே என்பது போல, இயல்பாகச் சொன்னாள். அதுதான் இவளை அடித்துப் போட்டது. குழி பறித்தது மட்டுமில்லை, பறிக்கும் மண்வெட்டியை இவள் கையிலேயே கொடுத்து, நன்றாகப் பறிக்கிறாய் என்று தட்டியும் கொடுத்திருக்கிறாள். இவளும் வியர்க்க வியர்க்கப் பறித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே அப்படியே நின்றார். "அவங்களா? நம்ம அக்காவா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருந்த முகம் அவருக்கும் நினைவில் இருந்திருக்கும். மாமனார் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷத்துல எத்தனையோ பேரு பழைய டிக்கெட்டைக் காட்டி என்னை ஏமாத்தியிருக்கான். என்னையே டிக்கெட்டாக் காட்டினவங்க இவங்கதாம்மா."

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கத் தொடங்கியதுதான் தெரியும், அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பை அசைக்காமல் இருக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், உப்பு மூட்டையாகக் கிடந்தாள்.

ஒரே ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. நடந்தது எதுவானாலும், பிள்ளைகள் செய்தார்கள் அல்லவா? இருநூற்றுப் பத்தொன்பது வீட்டு ஹாலில் இருநூற்றுப் பத்தொன்பது கரடிகள் நடந்தது நிஜம்தானே? அதைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று திங்கட்கிழமை நான்காம் வகுப்பின் ஒரு பிரிவை மைதானத்தில் நிறுத்தினாள்.

"எல்லாரும் கரடி நடை. அந்தக் கம்பம் வரைக்கும். ரெடி, ஸ்டார்ட்!"

விசில் ஊதினாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பத்தெட்டுப் பேரில் இரண்டு பேர் கையை ஊன்றி இடுப்பைத் தூக்கினார்கள். நான்கைந்து பேர் அவர்களைப் பார்த்துத் தவழ்ந்தார்கள். ஒருவன் கரடி மாதிரி உறுமினான். மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அவள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். மெதுவாகக் கேட்டாள்: "ஏழாம் நாள் வீடியோவுல என்ன செஞ்சோம்? யாருக்கு ஞாபகம் இருக்கு?"

காடாகக் கைகள் உயர்ந்தன.

"நீ சொல்லு" என்றாள் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணிடம்.

"குதிச்சோம் டீச்சர்!"

ஏழாம் நாள் வீடியோவே கிடையாது. இருந்த ஒன்பதிலும் ஒரு குதி கிடையாது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்துக் கட்டமும் நிரம்பிய அட்டை என்று ஒன்று இருக்கவே முடியாது. அந்த இருநூற்றுப் பத்தொன்பதும் பொய். எண்ணிக்கையைப் பார்த்துக் கண் கலங்கிய மடத்தனத்தில் இது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அந்தப் பெண் பயந்துபோய் அருகே வந்தது. "டீச்சர், நான் முதல் நாள் செஞ்சேன். அப்புறம் மாமா வீட்டுக்குப் போயிட்டோம். கடைசி நாள் அம்மாதான் எல்லாத்துக்கும் டிக் அடிச்சாங்க. டீச்சர் பாவம், கஷ்டப்பட்டு எடுக்கறாங்க, வெறுமனே குடுத்தா வருத்தப்படுவாங்கன்னு சொன்னாங்க."

பாவமாம். பாவம் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் குழந்தையின் தலையைத் தடவினாள். "போ, போய் விளையாடு" என்றாள். 

அன்று மத்தியானமே தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டினாள். அக்காவும் அங்கேதான் இருந்தாள். கட்டடத்தின் வரைபடம் மேஜை மேல் விரிந்து கிடந்தது. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். ஏழாம் நாள் கரண்ட் இல்லாதது, வீடியோ போடாதது, கட்டத்தைக் காலியாக விடச் சொன்னது, அந்த அறிவிப்பைப் போட்டதே அக்காதான் என்பது.

"டீச்சர், ஒரு நிமிஷம். உங்க திட்டம் தோத்துப்போச்சுன்னு நீங்களே வந்து சொல்றீங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமா சார். யாரும் செய்யல."

"சின்ன விஷயம் சார்" என்று அக்கா குறுக்கிட்டாள். "ஒரு கட்டத்துல தவறுதலா டிக் விழுந்திருக்கும்."

"நீங்க கணக்கு டீச்சர்க்கா. இருநூத்திப் பத்தொன்பது தவறுதலா?"

 பி.டி. டீச்சர் அலமாரியிலிருந்து 'முழுமையில்லாதவை' என்று சீட்டு ஒட்டிய சின்னக் கட்டை எடுத்துப் பிரித்தாள். பன்னிரண்டு அட்டைகளில் ஏழு சும்மா வெறுமையாக இருந்தன. ஐந்தில் ஒன்பது டிக், ஏழாம் கட்டம் மட்டும் காலி. அந்த ஐந்தின் மேலும் வகுப்பு டீச்சர்கள் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள்.

"செஞ்சது இந்த அஞ்சு பேர் மட்டும்தான் சார்" என்றாள்.

தலைமையாசிரியர் ஐந்து அட்டைகளையும் புரட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. தொந்தரவு பிடிக்காதவர். "கட்டடத்துக்கு ஆள் பேசி முடிச்சாச்சு. இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். "சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் வருது. அங்க இதைப் பேசிக் குழப்பாதீங்க."

அவள் அட்டைகளைத் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை அக்கா மேடையேறித் திட்டத்தை விளக்கி முடித்ததும், கேள்விகள் உண்டா என்று கேட்டார்கள். பி.டி. டீச்சர் பின்வரிசையில் எழுந்து நின்றாள்.  இருநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிறவளுக்கு இருநூறு பெரியவர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னாள். ஏழாம் நாளைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் மைதானம் போகிறது என்றும் சொன்னாள்.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் பெண்ணின் அம்மா, அழகு நிலையம் நடத்துபவள், விருட்டென்று எழுந்தாள். "அப்ப நாங்க எல்லாரும் பொய்யருங்கன்னு சொல்றீங்களா டீச்சர்? உங்க மேல இரக்கப்பட்டதுக்கு இதுவா மரியாதை?"

"இரக்கப்பட்டீங்க, தெரியும்" என்றாள் இவள். "செய்யலன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருந்தா, அதுதான் எனக்கு மரியாதையா இருந்திருக்கும்."

சலசலப்பு எழுந்தது. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் இவளை முறைத்தார்கள். கதவருகே நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர் கையைத் தூக்கினார். "நானும் போட்டேன்" என்றார். "லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு மகன் அட்டையை நீட்டினான், பத்துக் கட்டத்துக்கும் சேத்துப் போட்டுட்டேன். அவன் செஞ்சானா இல்லையான்னு கேக்கக்கூட இல்லை. அதுக்காக மைதானத்தை எடுப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா என் கை விழுந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

அதன்பின் இன்னும் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள்.  அந்த மூன்று பேரும் தலைமையாசிரியர் அறைக்குப் போய், வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்கள்.

முடிவில் நடந்தது இவ்வளவுதான்: கட்டடம் வந்தது. அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. சின்ன வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு பீரியட் திரும்பக் கிடைத்தது, மதிலோரம் மிஞ்சிய இடத்தில். அவளுக்கு இரண்டு நாள் மூன்று நாளானது. மற்ற இரண்டு நாள், கணவரின் கடைக்கு எதிரே இருந்த மருத்துவமனையில், ஆபரேஷன் ஆனவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அழகு நிலையத்து அம்மாவும் இன்னும் பல பேரும் வாசலில் இவளைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். வீடியோக்களை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். அவை பள்ளியின் சொத்து என்று பதில் வந்தது, அடியில் அக்காவின் கையெழுத்தோடு.

ஒரே மேஜையில் சாப்பிடுவது தானாக நின்றுபோனது. இருவரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. வராந்தாவில் எதிரெதிரே வந்தால் "என்ன, நல்லா இருக்கியா?" "இருக்கேன்" என்பதோடு சரி. கோபம் தணிந்த பிறகும் இவளுக்கு ஒரு வழக்கம் மட்டும் போகவில்லை. யார் எதற்குப் பாராட்டினாலும், இதை எதற்குச் சொல்கிறார்கள் என்று மனசு ஒரு நிமிஷம் பின்வாங்கி நிற்கும். மருத்துவமனையில் முட்டி ஆபரேஷன் ஆன ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்ன மாதிரியே செஞ்சேன் கண்ணு" என்றபோதுகூட, "எங்கே, செஞ்சு காட்டுங்க" என்றுதான் வாயில் வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

வருஷக் கடைசியில் கணக்கு டீச்சருக்கு வேறொரு பள்ளியில் தலைமையாசிரியை வேலை கிடைத்தது. பிரிவுபசாரத்துக்கு இரண்டு நாள் முன்னால் விளையாட்டுச் சாமான் அறை வாசலில் வந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு. நீ ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள். "இத்தனை வருஷம் பழகியிருக்கோம். நீ பேசலன்னா நல்லா இருக்காது."

பி.டி. டீச்சர் வளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வளையத்தையும் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்கேக்கா."

வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளியிலேயே வேலை கிடையாது. அந்த அட்டவணையைப் போட்டவளே எதிரில் நின்றிருந்தாள். 

"சரி" என்றாள் அக்கா.  பிறகு புதுக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்தைப் பார்க்க நடந்தாள்.